கடைசியில் ஓர் இழுப்பு

பனி விலகாத காடு ஒன்றில் கரிச்சான் ஒன்று இருந்தது. எந்தப் பறவை பாடினாலும் அப்படியே பாடிக் காட்டும். தனக்கென்று ஒரு பாட்டு கிடையாது. "வந்துட்டாருப்பா, குரல் திருடன்!" என்று பக்கத்து மரத்துப் பறவையான குக்குறுவான் தினமும் கேலி செய்யும்.

அந்த வருடம் மூன்று மாதம் விடாத மழை. வெயில் வந்தபோது குக்குறுவானுக்குத் தன் பாட்டே மறந்துபோயிருந்தது. பாடாவிட்டால் துணை வராது. துணை இல்லாமல் கூடும் இல்லை.

"அண்ணே, என் பாட்டு உங்கிட்ட இருக்கா?"

"திருட்டுச் சரக்கு. பரவாயில்லையா?"

"குத்திக் காட்டாதே அண்ணே, பாடு."

கரிச்சான் கண்ணை மூடிப் பாடியது. "குக்குறு, குக்குறு..." கடைசியில், வழக்கம்போல, ஒரு சின்ன இழுப்பு. அது குக்குறுவானுடையது அல்ல. நீண்ட வால் காற்றில் ஆடும்போது கரிச்சானின் மூச்சும் சேர்ந்து ஆடிவிடும். எத்தனை முயன்றும் திருந்தாத அந்தப் பிழையை எண்ணி அது வெட்கப்பட்டதுண்டு.

குக்குறுவான் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு பறந்து போனது.

மறுநாள் காலை, பனிக்குள்ளிருந்து இரண்டு குக்குறுவான்கள் மாறி மாறிப் பாடின. இரண்டின் முடிவிலும் அந்த இழுப்பு இருந்தது.

கரிச்சான் கேட்டுக்கொண்டே இருந்தது. அதைத் திரும்பப் பாடிக் காட்ட வேண்டும் என்று அன்றைக்கு மட்டும் தோன்றவில்லை.