மூன்றாவது கம்பெனி

கருங்கல் ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த ததேயுஸ், ஏற்கெனவே இரண்டு கம்பெனிகளைத் திருப்பி அனுப்பியிருந்தார். மூன்றாவது கம்பெனியின் பில் மெஷினையும் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

"ஓசியில எதுக்குத் தாறீங்க?"

"பழகிப் பாருங்க சார். உள்ள வர்றவங்க முகத்தைப் பாத்தே, எந்தக் கடையில என்ன மருந்து வாங்குறாங்கன்னு காட்டிரும்" என்றார் கம்பெனி ஆள்.

அப்போது ததேயுஸின் மனைவி செலின் சாப்பாட்டோடு படியேறினாள். திரையில் எழுத்து ஓடியது: தூக்க மாத்திரை, மார்த்தாண்டம், ஏழு மாதமாக.

ததேயுஸ் சட்டென்று வயரைப் பிடுங்கினார். "தூக்கிட்டுப் போங்க. இது எனக்கு வேண்டாம்."

கம்பெனி ஆள் போனபிறகு ததேயுஸ் மெதுவாகக் கேட்டார்: "செலின், நல்லா உறங்குறியா?"

"எனக்கென்ன, படுத்ததும் உறங்கிருவேன்" என்று சிரித்தாள்.

பதினெட்டு வருஷத்தில் முதல்முறையாக, அந்தச் சிரிப்பை அவர் நம்பவில்லை.