குகைக்கு அப்பால் இருந்த கோயில்

நின் பின் என்ற ஊரின் ஆற்றுக் குகைகளில் படகோட்டும் லுயென், சைகோனிலிருந்து தனியாகச் சுற்றிப்பார்க்க வந்த கியெத்தைக் குகைக்கு அப்பாலிருந்த கோயிலில் இறக்கிவிட்டுக் காத்திருந்தாள். பத்து நிமிடத்தில் அவன் வந்து ஏறிக்கொண்டான். கரையில் இறங்கி நடந்து போனான்.

சற்று நேரத்தில் அவள் கைபேசி ஒலித்தது.

"அக்கா, என்னை விட்டுட்டு எங்க போயிட்டீங்க? கோயில்லயே நிக்கிறேன்." கியெத்தின் குரல்தான்.

"விளையாடாத தம்பி. இப்பத்தானே உன்னைக் கரையில இறக்கிவிட்டேன்?"

"சத்தியமாக்கா. சீக்கிரம் வாங்க, எல்லாரும் பசியில கிடக்கோம்."

மனம் கேட்காமல் துடுப்பை வலித்துப் போனாள். கோயில் படிகளில் கியெத் நின்றான். அவனுக்குப் பின்னால், அந்த வாரம் முழுக்க அவள் பத்திரமாகக் கரைசேர்த்த அத்தனை பேரும் இருந்தார்கள்; பலர் படகைப் பார்த்துக் கையசைத்தார்கள். முதல் நாள் வந்தவர்களால் கையைத் தூக்க முடியவில்லை.