அடுத்து என்ன போடணும்?

“என்னங்க, வெண்ணெயும் சர்க்கரையும் குழைச்சாச்சு. அடுத்து என்ன போடணும்?” என்று மறுபடியும் கேட்டாள் அம்மா.

“முட்டை. அப்புறம் வெல்லப்பாகு,” என்றார் நாற்காலியில் சாய்ந்திருந்த அப்பா. “கரண்டியில முதல்ல கொஞ்சம் எண்ணெய் தடவிக்க. இல்லேன்னா பாதிப் பாகு கரண்டிக்கே போயிடும்.”

அப்போதுதான் வந்த மகன் பெட்டியோடு சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டான். இந்தப் பாகு பிஸ்கட்டை அம்மா எத்தனை தடவை செய்திருப்பாள்! கண்ணைக் கட்டிவிட்டாலும் செய்வாள். அவளா இப்படி ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுப் போடுகிறாள்?

“வாங்க, வாங்க. உக்காருங்க,” என்றார் அப்பா, அவனைப் பார்த்ததும்.

இவன் ஒரே பிள்ளை. நல்லவன்தான்; வருடத்துக்கு ஒரு முறை வந்து நல்லவனாக இருந்துவிட்டுப் போகிறவன். இந்த மரியாதை தனக்குத் தேவைதான் என்று நினைத்துக்கொண்டான். பேக்கரியில் மாஸ்டராக இருந்த காலத்திலேயே அப்பாவின் குத்தல் பேச்சு பிரசித்தம்.

“வாடா கண்ணா! முகம் கழுவிட்டு வா, சூடா பிஸ்கட் தரேன்,” என்று மாவுக் கையோடு ஓடி வந்தாள் அம்மா. வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை.

அவன் பிஸ்கட் தின்ன வரவில்லை என்பது அவளுக்கும் தெரியும். போன வாரம் எதிர் வீட்டுக்காரர் அவனுக்குப் போன் செய்திருந்தார். “தம்பி, உங்க வீட்டு ஜன்னல்ல ஒரே புகை. ஓவனை அணைக்காம அப்படியே விட்டிருக்காங்க. வயசானவங்களை இப்படித் தனியா விட்டு வைக்காதீங்க.”

அம்மாவைக் கேட்டதற்கு, “நான்தாண்டா மறந்துட்டேன்,” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். நேரில் பார்த்து ஒரு முடிவெடுக்கத்தான் லீவு போட்டு வந்திருந்தான். இன்று ஏதாவது பிசகினால் இந்தக் குடித்தனம் இரண்டாகிவிடும் என்று அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

“அப்பா, உங்க உடம்பு எப்படி இருக்கு?” என்று ஆரம்பித்தான் மகன்.

“அவரை ஏண்டா தொந்தரவு பண்றே? எதுவானாலும் என்னைக் கேளு,” என்று குறுக்கே விழுந்தாள் அம்மா. உடனே அப்பா பக்கம் திரும்பி, “என்னங்க, மாவு சலிச்சாச்சு. அடுத்து என்ன போடணும்?” என்றாள்.

“சோடா உப்பு. சுக்குப்பொடி தாராளமா. பட்டை. கிராம்பு மட்டும் துளியூண்டு. கூடிப்போச்சுன்னா பிஸ்கட்டு பல்வலி மருந்தாயிடும்.”

மகன் சிரித்தான். அம்மா சிரிக்கவில்லை. மாவை உருட்டிச் சர்க்கரையில் புரட்டித் தட்டில் அடுக்கி ஓவனுக்குள் தள்ளிவிட்டு, “எப்பங்க எடுக்கணும்?” என்றாள்.

“மேல விரிசல் விட்டதும் எடுத்துடு. தொட்டா மெத்துனு இருக்கும், வேகலியோன்னு பயப்படாத. வெளியில வந்துதான் இறுகும்.”

அதற்கு மேல் பார்க்க மகனுக்கு மனசு வரவில்லை. அம்மாவைக் கூடத்துப் பக்கம் அழைத்துப் போனான்.

“அம்மா, கோச்சுக்காத. என் ஆபீஸ் பக்கத்துல ஒரு இல்லம் இருக்கு. மறதி வந்தவங்களை நல்லா பார்த்துக்கறாங்க. நீ கொஞ்ச நாள் அங்க இரேன்.”

“நானா?”

“அப்பாவைப் பத்திக் கவலைப்படாத. அவர் ஞாபகம் கல்வெட்டு மாதிரி இருக்கு. இங்கயே தனியா சமாளிச்சுப்பார்.”

அம்மாவின் முகம் வெளிறிப்போனது. இப்படி ஒரு முடிவை அவள் கனவிலும் நினைக்கவில்லை. சட்டென்று அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

“வேணாண்டா. எங்களைப் பிரிச்சுடாதே. நான் இல்லாம அவர் ஒரு நாள்கூட இருக்க மாட்டார்டா. உன் கால்ல வேணா விழறேன்.”

இந்த வயதிலும் இப்படி ஒரு பாசமா என்றிருந்தது அவனுக்கு. “பாசம் வேறம்மா, ஓவன் வேற. நாளைக்கு வீடே தீப்பிடிச்சா?”

“இனிமே ஓவன் பக்கமே போகலடா. நீ வேணா அதைத் தூக்கிட்டுப் போயிடு. எங்களை மட்டும் இப்படியே விட்டுடு.” அம்மா விசும்பி விசும்பி அழுதாள்.

சுக்கும் கிராம்புமாக வாசனை கூடத்துக்கு வந்தது. பின்னாலேயே அப்பா வந்தார். எப்போது எழுந்தாரோ, பதமாக விரிசல் விட்ட பிஸ்கட்டுகளைத் தானே எடுத்து ஒரு தட்டில் அடுக்கிக் கொண்டுவந்திருந்தார்.

“நீங்க போய் உக்காருங்க, நான் குடுக்கறேன்!” என்று அம்மா பதறிக்கொண்டு தட்டைப் பிடுங்கப் போனாள்.

அப்பா விடவில்லை. மகனுக்கு நேராகத் தட்டை நீட்டினார்.

“ரெண்டே ரெண்டு எடுத்துக்கங்க தம்பி. மிச்சம் எங்க பையனுக்கு, இன்னிக்கு வரானாம்.”