அறுபத்திரண்டாம் நம்பர் மெஷின்

"இதென்னங்ண்ணா, புதுசா என்னமோ மாட்டறீங்க?"

ஜெயசுதாவின் தையல் மெஷினுக்கு அடியில் குனிந்திருந்த எலக்ட்ரீசியன் மகுடேஸ்வரன் தலையைத் தூக்கவில்லை. கையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு டப்பா. உள்ளே சின்னதாக ஒரு போர்டு. செல்போனில் வீடியோ பார்த்தே இதையெல்லாம் கற்றுக்கொண்ட மனுசர்.

"மெஷின் ஓடுதா, நிக்குதான்னு பாத்து வைஃபையில ஆபீஸ் கம்ப்யூட்டருக்குச் சொல்லிப்போடும் அம்மிணி. ரெண்டு நிமிசத்துக்கு மேல நின்னா பதிவாயிரும்."

"பதிவானா என்னங்ண்ணா?"

"வாராவாரம் ஓனர் லிஸ்ட் பாப்பாரு. அதிகமா நிக்கற அஞ்சு பேரு வேலைக்கு வேண்டாம்னுட்டாரு."

ஜெயசுதா பாத்ரூம் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அவளுக்கு மூன்றாம் மாதம். அரை மணிக்கு ஒருதரம் வாயைப் பொத்திக்கொண்டு பாத்ரூமுக்கு ஓடிக்கொண்டிருந்தாள். விஷயம் தெரிந்தால், 'பெத்துப் பொழைச்சு மெதுவா வா' என்று சிரித்த முகமாகவே அனுப்பிவிடுவார்கள். அப்படிப் போன ஒருத்தியும் இந்தப் பனியன் கம்பெனிக்குத் திரும்பி வந்ததில்லை. வீட்டுக்காரனோ வீரபாண்டி சாயப்பட்டறையில் வழுக்கி விழுந்து, காலில் கட்டோடு படுத்திருக்கிறான். இவள் வேலை போனால் அடுப்பு எரியாது.

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணா, காலைத் தொட்டுக் கேக்கறனுங்க. எனக்கு மூணு மாசமுங்க. யாருக்கும் தெரியாது. என்ற டப்பாவை மட்டும் கனெக்சன் குடுக்காம உட்டுருங்க."

"அதெப்படி முடியும்? ஒண்ணு வேலை செய்யலைன்னாலும் மேனேஜர் மேடம் ரூம்ல சிவப்பா எரியும். எல்லாத்துக்கும் ஒரே சட்டந்தான்."

சொல்லிவிட்டு ஸ்க்ரூ டிரைவரைத் தூக்கிக்கொண்டு அடுத்த மெஷினுக்கு நகர்ந்துவிட்டார். டப்பாவில் நீல விளக்கு கண்ணைச் சிமிட்டியது.

ஐயோ, வாயைக் கொடுத்து நாமே மாட்டிக்கொண்டோமே என்று ஜெயசுதா நொந்துகொண்டாள். இவர் மேனேஜர் சித்ராதேவியின் ஆள் என்று ஊருக்கே தெரியும். சித்ராதேவி சாதாரணப்பட்டவரா? மூன்று நிமிடம் தாமதமாக வந்தவளை கேட்டிலேயே திருப்பி அனுப்பியவர். அவருடைய செருப்புச் சத்தம் கேட்டால் மொத்த லைனும் வாயை மூடிக்கொள்ளும்.

அந்த வாரம் முழுக்க அவள் மெஷினைப் பார்த்துத் தைக்கவில்லை, நீல விளக்கைப் பார்த்துத்தான் தைத்தாள். ஒருநாள் குமட்டலை அடக்கிக்கொண்டே தைத்ததில் ஊசி விரலில் ஏறியது. அழக்கூட நேரமில்லை.

திங்கட்கிழமை காலை மைக் அலறியது.

"அறுபத்திரண்டாம் நம்பர், ஆபீசுக்கு வரவும்."

அது ஜெயசுதாவின் நம்பர். வேலை போச்சு என்று பக்கத்து மெஷின்காரிகள் பார்த்த பார்வையே சொன்னது. அவள் மேனேஜர் அறைக்குள் போனாள். சுவரோரமாக மகுடேஸ்வரன் நின்றுகொண்டிருந்தார்.

போட்டுக் கொடுத்துவிட்டார் பாவி மனுசன்!

சித்ராதேவி கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார். "போன வாரம் உன்ற மெஷின் எத்தனை தடவை நின்னுச்சு, தெரியுமா?"

"இனிமே நிக்காதுங்க மேடம்... சத்தியமா நிக்காதுங்க..."

"ஒரு தடவை கூட நிக்கலை."

ஜெயசுதாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"மத்தியானம் சோத்து நேரத்துலயும் ஓடிருக்குது. கேட்டைப் பூட்டுனப்பறமும் ஓடிருக்குது. நேத்து ஞாயித்துக்கெழமை, கம்பெனியே லீவு. அன்னைக்கும் ஓடிருக்குது. யாரு வந்து தைச்சது?"

மகுடேஸ்வரன் தொண்டையைக் கனைத்தார்.

"அந்தப் புள்ளைக்கு ஒண்ணுந் தெரியாதுங்க மேடம். நாந்தான் டப்பா வயரை மெஷின்ல இருந்து கழட்டி, செவுத்துல முருகன் படத்துக்கு எரியற பல்புல குடுத்துப்போட்டேன். அது அணையறதே இல்லைங்கறதை யோசிக்கலீங்க."

ஒரு வாரமாக மனதுக்குள் இவரைத் திட்டித் தீர்த்ததை நினைத்து ஜெயசுதா கூசிப்போனாள். அடுத்த நொடியே பயம் இரண்டு மடங்கானது. இருபது வருஷ சர்வீஸ்காரர். தன்னால் இவர் வேலையும் போகப்போகிறதே!

"அண்ணனை ஒண்ணும் பண்ணிராதீங்க மேடம். கெஞ்சுனது நானுங்க. நானே வேலைய உட்டு நின்னுக்கறனுங்க."

சித்ராதேவி எழுந்தார். போய் அறைக் கதவைச் சாத்தினார்.

"மூணு மணிக்கு ஓனர் இதைப் பாப்பாரு. லீவு நாள்ல ஓடுன மெஷினைப் பாத்தா, உங்க ரெண்டு பேரோட என்னையும் சேத்துத்தான் வெளிய அனுப்புவாரு. போன வாரம் டெஸ்டிங்னு சொல்லி நான் மொத்தத்தையும் அழிச்சர்றேன். மகுடேசண்ணா, சோத்து நேரத்துலயும் லீவு நாள்லயும் மெஷின் நிக்கற மாதிரி அந்த டப்பாவுல புரோகிராமை மாத்துங்க. நடுவுல நாலஞ்சு தடவை சும்மாவும் நிக்கட்டும், அப்பத்தான் மனுசி தைக்கற மாதிரி இருக்கும்."

ஜெயசுதாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கும்பிடக் கை தூக்கியவளைச் சித்ராதேவி கண்டுகொள்ளவே இல்லை. மகுடேஸ்வரன் கதவைத் திறக்கப் போனார்.

"அண்ணா, நில்லுங்க. தொண்ணூறாம் நம்பர் மூக்கம்மாளோட டப்பாவையும் அப்படியே முருகன்கிட்டக் குடுத்துருங்க. அந்தம்மாவுக்குச் சக்கரை. பாத்ரூம் போனா லிஸ்ட்ல வந்துருமோன்னு பயந்துட்டு ஒரு வாரமாப் பச்சத்தண்ணி குடிக்காம தைக்குது!"