நாலாவது பாட்டில்

"இருமல் மருந்து இல்லைங்க மாஸ்டர். தீர்ந்துபோச்சு."

மருந்துக் கடைக்காரர் வாய் கூசாமல் சொன்னார். அவர் முதுகுக்குப் பின்னாலேயே சிவப்பு பாட்டில்கள் வரிசைகட்டி நின்றன. தையல் மாஸ்டருக்குக் கண் ஒன்றும் அவிந்துபோய்விடவில்லை.

"அப்போ அது என்ன தம்பி?"

"அது மத்தவங்களுக்கு. உங்களுக்கு மூணு பாட்டில் கொடுத்தாச்சு. மூணு வாரமாச்சு, இருமல் நிக்கல. ஆஸ்பத்திரிக்குப் போய் சளியைப் பரிசோதிச்சுட்டு வாங்க."

"நீ என்ன டாக்டரா? இது துணித் தூசி. என் தொழில் அப்படி."

"தொழில் இருபது வருஷமா இருக்கு. இருமல் இப்பத்தானே வந்திருக்கு? அது கிடக்கட்டும். போட்டிருக்கிற பேண்ட்டை எத்தனை தடவை பிடிச்சுத் தைச்சீங்க?"

"ரெண்டு தடவை" என்றார் மாஸ்டர். இடுப்பளவு குறைந்ததில் அவருக்கு உள்ளூர ஏக குஷி. "நடந்துதானே கடைக்கு வர்றேன். உடம்பு இளைக்காதா?"

"உங்க வீட்டுக்கும் கடைக்கும் நடுவுல நாலு வீடுதான் மாஸ்டர்."

மாஸ்டர் விருட்டென்று அடுத்த மருந்துக் கடைக்குப் போனார்.

"ஸ்டாக் இல்லைங்க."

தெருக்கோடிக் கடைக்குப் போனார். அங்கிருந்த அம்மா, இவர் படியேறும்போதே கையை விரித்தார். "அது மட்டும் இல்லைங்க."

"நான் இன்னும் கேட்கவே இல்லையேம்மா."

"போன் வந்திருச்சுங்க."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் குமுறினார். "மூணு கடையும் சேர்ந்து எனக்கு எதிரா சதி பண்றாங்க."

"சதி பண்ற அளவுக்கு நீங்க பெரிய ஆளா? காலையில ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க."

கிளம்பினார். இருமலுக்காக இல்லை. டாக்டர் கையால் சீட்டு வாங்கிவந்து, அந்தக் கடைக்காரர் முகத்தில் விட்டெறிய வேண்டும் என்ற வீம்புக்காக.

சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்தது.

"பயப்படாதீங்க, ஆரம்பத்திலேயே வந்துட்டீங்க" என்றார் டாக்டர். "ஆறு மாசம் ஒரு நாள்கூட விடாம மாத்திரை சாப்பிட்டா சுத்தமா குணமாயிடும். வீட்டுல இருக்கிறவங்களையும் ஒரு தடவை பரிசோதிச்சுடுவோம்."

நல்லவேளை, மனைவிக்கு ஒன்றுமில்லை. ஆனால் இரண்டாவது மாதமே மாஸ்டருக்கு இருமல் நின்றுவிட்டது. இனி எதற்கு என்று மாத்திரையை மெல்ல நூல்கண்டுப் பெட்டிக்குள் ஒளித்தார். மனைவி பெட்டியைக் கவிழ்த்து, தண்ணீர் தம்ளரை நீட்டினாள்.

"விழுங்குங்க. ம், வாயைத் திறந்து காட்டுங்க."

மிச்ச மாதமெல்லாம் தினம் இந்தக் கூத்துதான்.

கடைசிப் பரிசோதனையில் நோய் போய்விட்டது என்று தெரிந்தது. பேண்ட்டில் பிடித்திருந்த தையலையெல்லாம் பிரித்துவிட்டு, மாஸ்டர் நேராக மருந்துக் கடைக்குப் போனார். நன்றி சொல்லத்தான் போனார். வாய் வழக்கப்படி வேறு சொன்னது.

"ஏன் தம்பி, உன் வியாபாரத்தையும் கெடுத்துக்கிட்டு, போன் போட்டு மத்தவங்க வியாபாரத்தையும் கெடுத்தியே. இப்படிக் கடை நடத்தினா உருப்படுவியா?"

கடைக்காரர் சிவப்பு பாட்டில்களைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"முன்னாடி நல்லாத்தான் வியாபாரம் பண்ணினேன் மாஸ்டர். எங்க அண்ணனுக்கே பதினோரு பாட்டில் வித்தேன். பன்னிரண்டாவது கேட்க அவர் வரல."