நாற்காலியின் முன்பக்கம்

"மாமா, கொஞ்சம் எழுந்துக்கறீங்களா? கிளாஸ் ஆரம்பிக்கப் போகுது."

மாமனார் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆரம்பிக்கட்டுமே. நானா வேண்டாங்கறேன்?"

"நான் இந்த நாற்காலியைத்தான் பிடிச்சுக்கணும்."

"பிடிச்சுக்கோ. பின்பக்கம் உனக்கு, முன்பக்கம் எனக்கு. இதுல என்ன தகராறு?"

மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டாள். ஹாலில் சோபா இருக்கிறது. பால்கனியில் அவருக்கென்றே வாங்கிப் போட்ட சாய்வு நாற்காலி இருக்கிறது. ஆனாலும் சாயங்காலமானால் மனிதருக்கு உயரமான முதுகு வைத்த அந்த மர நாற்காலிதான் வேண்டும்.

பாலே நடனப் பள்ளிகளில் பிடித்துக்கொண்டு ஆட, சுவரோரமாக நீளக் கம்பி இருக்கும். வீட்டிலிருந்து ஆன்லைனில் கற்றுக்கொள்பவள் கம்பிக்கு எங்கே போவாள்? நாற்காலிதான் கம்பி. அவ்வளவு ஏன், திரையில் தெரிகிற டீச்சரே தன் வீட்டுச் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டுதான் சொல்லிக்கொடுக்கிறாள்.

"முழங்காலை மடக்குங்க... முதுகு நேரா இருக்கணும்... தோளை இறக்குங்க..."

"மிஸ்! அந்த ஆன்ட்டி வீட்டுத் தாத்தா கொட்டாவி விடறாரு!"

திரை முழுக்கச் சிரிப்பு. தொடக்க வகுப்பு என்பதால் பாதிப் பேர் பள்ளிக்கூடப் பிள்ளைகள். நாற்பதைத் தொட்டவள் இவள் ஒருத்திதான். மானம் கப்பலேறியது. மாமனாரோ பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி அசையாமல் பேப்பரைப் புரட்டினார்.

சாப்பிடும்போது கணவனிடம் கொட்டித் தீர்த்தாள்.

"உங்கப்பாவுக்கு நான் ஆடறதே பிடிக்கல. முதல் நாள் கிளாஸ்ல காலைத் தூக்கினப்போ, நானும் நாற்காலியும் சேர்ந்து விழுந்தோமே, அப்போ வந்து பார்த்துட்டு என்ன சொன்னாரு தெரியுமா? 'இந்த வயசுல உனக்கு இது தேவையா?'ன்னாரு. மறுநாளே வந்து நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டாரு!"

"வயசானவர்... விடேன்."

"எப்படி விடறது? தினம் வாக்கிங் போயிட்டிருந்தவர், இப்போ அதையும் விட்டுட்டாரு. கூட்டாளிங்க கீழேருந்து கூப்பிட்டா 'எனக்கு வேலை இருக்கு'ங்கறாரு. என்ன வேலை? என்னைக் காவல் காக்கற வேலை! சின்ன வயசுலேர்ந்து ஆசைப்பட்டது இப்போதான் கைகூடி வந்திருக்கு. அதுவும் பொறுக்கல."

கணவனுக்குத் திடீரென்று தட்டில் இருப்பதன் மேல் அளவு கடந்த அக்கறை வந்துவிட்டது.

அந்த வாரக் கடைசியில் தேர்வு. தேறினால்தான் அடுத்த வகுப்பு. தேறாவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து, அதே வாண்டுகளோடு. டீச்சர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"கேமராவுல உங்களைத் தவிர யாரும் தெரியக் கூடாது மேடம். முக்கியமா, நாற்காலியில யாரும் உட்காரக் கூடாது."

இதை மாமனாரிடம் சொல்லப் பெரிய சண்டைக்கே தயாராகப் போனாள். அவரோ, "பரீட்சையா? சரி சரி. நான் வாக்கிங் போயிடறேன்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

தேர்வு நாளில் அவள் அலுவலகத்திலிருந்து ஓடி வந்து உடை மாற்றிக்கொண்டிருந்தாள். வாசலிலிருந்து குரல் வந்தது.

"நாற்காலியை இழுக்காதம்மா. இருக்கற இடத்துலயே இருக்கட்டும்."

போகிறபோதும் அதிகாரம்!

ஹாலுக்கு வந்தால், நாற்காலியில் அவர் போர்வை ஒரு குவியலாகக் கிடந்தது. ஆள் போனாலும் இடத்தைப் பிடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று முணுமுணுத்தாள். அதை எடுக்க நேரமில்லை. திரையில் டீச்சர் முதலாவதாக அவளைத்தான் கூப்பிட்டாள்.

மடக்கல், நீட்டல், சுற்றல் எல்லாம் ஒழுங்காக வந்தன. கடைசியில்தான் அது. ஒற்றைக் காலில் நின்று மற்றக் காலைப் பின்னால் உயர்த்த வேண்டும். முதல் நாள் அவளைக் கவிழ்த்த அதே அசைவு. இத்தனை நாள் பயமில்லாமல் செய்தவள், இன்று ஏனோ பாதி உயரத்திலேயே தயங்கினாள்.

"இன்னும் மேல, மேடம்... இன்னும்..."

உடம்பு தடுமாறியது. கீழே விழப் போகிறோம் என்றே நினைத்து நாற்காலியின் முதுகை இறுக்கிப் பிடித்தாள். நாற்காலி ஒரு நூல்கூட நகரவில்லை. கால் இதுவரை போகாத உயரத்துக்குப் போய், அங்கேயே நின்றது.

"பிரமாதம்! அப்படியே... அப்படியே நில்லுங்க... போதும், இறக்குங்க. நீங்க அடுத்த கிளாஸுக்கு வரீங்க!"

சந்தோஷத்தில் அவள் நாற்காலியை ஒரு தட்டுத் தட்டினாள். போர்வை சரிந்து விழுந்தது.

உள்ளே, கழுத்துவரை நிரம்பிய பெரிய தண்ணீர் கேன். துணி காயப்போடும் கயிற்றால் நாற்காலியோடு சேர்த்து வரிந்து கட்டியிருந்தது. நாற்காலிக்குக் கீழே குளியலறைச் சொம்பும், துடைத்தும் காயாத ஈரமும். நிறைந்த கேனைத் தூக்க முடியாமல், காலிக் கேனைக் கட்டிவிட்டுச் சொம்பு சொம்பாகக் கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார் மனிதர்.

அவள் விழுந்த மறுநாளிலிருந்துதான் அவர் அந்த நாற்காலிக்கு வந்தார். அதற்கப்புறம் அவள் ஒரு தடவைகூட விழவில்லை. இவ்வளவு நாளாக இது ஏன் உறைக்கவில்லை?

"மேடம், நாற்காலியில யாரும் இருக்கக் கூடாதுன்னு சொன்னேனே... அது என்ன?"

"மிஸ், அது தண்ணி கேன்!" கூவியது ஒரு வாண்டு.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"இல்லடா கண்ணா. அது எங்க மாமா."