எஃப்.சி. டயர்

“மனசாட்சியே இல்லாத பொம்பளை!” என்று பொரிந்து தள்ளினார் லாரி ஓனர் கலையரசன்.

விஷயம் இதுதான். வண்டி ரோட்டில் ஓடத் தகுதியானது என்று தரும் எஃப்.சி. சான்றிதழை, டயர் வழுக்கை என்று சொல்லி ஆர்.டி.ஓ. ஆபீஸ் இன்ஸ்பெக்டர் வினோதினி நிறுத்தி வைத்துவிட்டார். எஃப்.சி. இல்லாவிட்டால் பர்மிட் கிடையாது. பர்மிட் இல்லாவிட்டால் கீழ்பென்னாத்தூரில் மூட்டை கட்டிக் கிடக்கும் வேர்க்கடலை பெங்களூர் போகாது.

“கவனிச்சுப் பாத்தீங்களா?” என்றான் டயர் கடை பிரகாஷ்.

“பாத்தேனே! கவர நீட்டுனா மொறைக்குதுய்யா. நாளைக்குப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துல லாரிய ஊருக்குள்ளயே வுட மாட்டாங்க. இன்னிக்கே லோடு ஏத்தலன்னா வேற வண்டிக்குக் குடுத்துடுவாங்க.”

“அதுக்குத்தான நான் கட போட்டு உக்காந்துருக்கேன்?”

மூலையில் ஆறு டயர்கள் பளபளவென்று நின்றன. ‘எஃப்.சி. டயர்’ என்று பேர். வாடகைக்குக் கிடைக்கும். எத்தனையோ வண்டிகளைப் பாஸ் பண்ண வைத்தவை. மொத்தமாகப் பத்து கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது.

டிரைவர் சுஹைல் ஜாக்கி போட்டான்.

மதியத்துக்குள் வண்டி பாஸ். சான்றிதழோடு கடைக்குத் திரும்பிய கலையரசனுக்கு வாயெல்லாம் பல்.

“சீக்கிரம் மாத்தி முடிங்கண்ணே, அடுத்த பார்ட்டி காத்துனு இருக்காங்க” என்று அவசரப்படுத்தினான் பிரகாஷ்.

“யாருய்யா அது?”

பிரகாஷ் கைகாட்டினான். ஓரமாக ஒரு மஞ்சள் ஸ்கூல் பஸ்.

கலையரசனுக்குச் சுரீரென்றது.

“பச்சப் புள்ளைங்க போற வண்டிக்கா வாடக டயரு? வழியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? இன்னா மனுசனுங்கய்யா இவனுங்க!”

நிஜமாகவே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. செல்போனை எடுத்தார்.

“இப்பவே இன்ஸ்பெக்டரம்மாகிட்ட சொல்றேன். நல்லவேள, அந்தம்மா கறாரான ஆளு. தெய்வம் மாதிரி!”

லாரியில் பழைய வழுக்கை டயர்களை மறுபடி மாட்டி, கடைசி நட்டை முடுக்கிக்கொண்டிருந்த சுஹைல் நிமிர்ந்தான்.

“சொல்லுங்க மொதலாளி. அப்பிடியே நம்ம வண்டி நம்பரையும் சொல்லிடுங்க. எனக்கும் வூட்ல ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க.”